பெயர் தொலைந்த ஏ.சி. பாகங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இறக்குமதிக் கார்களைப் பராமரிப்பது பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். எஞ்சின், பிரேக், பெயின்ட் ஆகியவற்றைப் பற்றி அதில் சொல்லியிருந்தவை பயனுள்ளவை. ஆனால் ஏ.சி.க்கு ஒதுக்கியிருந்த ஒரே பத்தி, பழைய வாயு தடைசெய்யப்பட்டுவிட்டதால் பாகங்களும் கிடைப்பதில்லை, எனவே எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுவதே நல்லது என்ற தோரணையில் முடிந்திருந்தது. 1980களின் பிற்பகுதியில் தயாரான, இரண்டு கதவுகள் கொண்ட இறக்குமதி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவன் நான். அதன் ஏ.சி.க்கு ஏறத்தாழ ஒவ்வொரு பாகமாகத் தேடிப் பிடித்து மீண்டும் ஓடவைத்தவன் என்ற முறையில், அந்தப் பத்தியை மறுத்து எழுதுவது கடமை என்று கருதுகிறேன்.

முதலில் வாயு. 1987 செப்டம்பரில் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே, ஓசோன் படலத்தை அரிக்கும் ஆர்-12 வாயுவின் உற்பத்தி வளர்ந்த நாடுகளில் 1996 தொடக்கத்திலும் வளரும் நாடுகளில் 2010 தொடக்கத்திலும், சில விலக்குகள் தவிர, முடிவுக்கு வந்தது உண்மைதான். ஆனால் கார் தயாரிப்பாளர்கள் அதற்கு முன்பே, 1990களின் முதல் பாதியிலேயே, ஆர்-134ஏ என்ற மாற்று வாயுவுக்குப் போய்விட்டார்கள். பழைய கார்களை அந்த வாயுவுக்கு மாற்றும் வேலையும் அப்போதே தொடங்கி, இன்று வரை பட்டறைகளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே வாயு கிடைக்காததால் பழைய ஏ.சி. செத்துப்போகிறது என்பது சரியான நோயறிதல் அன்று. நோய் வேறிடத்தில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன், வாயுவை மாற்றும்போது எந்தெந்தப் பாகங்கள் மாற வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் தேட வேண்டிய பட்டியலே அதிலிருந்துதான் பிறக்கிறது.

ஆர்-12 வாயுவோடு, அதை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸருக்குள் சுற்றிவந்தது கனிம எண்ணெய். அந்த எண்ணெய் ஆர்-134ஏ வாயுவில் கரைவதில்லை. வாயு சுற்றிக்கொண்டே இருக்க, எண்ணெய் எங்கோ ஒரு வளைவில் தேங்கி நின்றுவிடும். கம்ப்ரஸர் வறண்டு தேய்ந்துபோகும். அதனால் பழைய எண்ணெயை முடிந்தவரை வடித்துவிட்டு, புதிய வாயுவோடு சேர்ந்து ஓடும் எஸ்டர் வகை எண்ணெயை ஊற்ற வேண்டும். இணைப்புகளில் இருக்கும் ஓ-ரிங்குகளை, பெரும்பாலும் பச்சை நிறத்தில் விற்கப்படும் புதிய வகை ரப்பர் ஓ-ரிங்குகளாக மாற்றிவிட வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் டிரையரைக் கட்டாயம் மாற்ற வேண்டும். ஆர்-12 காலத்தில் பயன்பட்ட எக்ஸ்ஹெச்-5 வகை உறிஞ்சுமணிகள் புதிய வாயுவுக்கு ஏற்றவை அல்ல, எக்ஸ்ஹெச்-7 அல்லது எக்ஸ்ஹெச்-9 வகையே வேண்டும். வாயுவின் எடையும் பழைய அளவே இல்லை; ஆர்-12 எவ்வளவு நிரப்பச் சொல்லப்பட்டிருக்கிறதோ அதில் 80 முதல் 90 சதவீதம் வரை போதும். பழைய அளவையே நிரப்பிவிட்டுக் குளிரவில்லை என்று நொந்துகொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அழுத்தத்தில்தான் இரண்டு வாயுக்களின் குணமும் நன்றாகத் தெரியும். பூஜ்யம் டிகிரி செல்சியஸில் ஆர்-134ஏ வாயுவின் நிறைவழுத்தம், அதாவது திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும்போதுள்ள அழுத்தம், ஆர்-12 வாயுவினதைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் 60 டிகிரியில் ஆர்-12 சுமார் 15 பார் அழுத்தத்தில் இருக்க, ஆர்-134ஏ சுமார் 17 பார் வரை ஏறிவிடும். அதாவது குளிர்கிற பக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வெப்பத்தை வெளியே தள்ளுகிற கண்டென்ஸருக்குத்தான் சுமை கூடுகிறது. தாழ்ந்த மூக்கும் சிறிய காற்றுவழியும் கொண்ட ஸ்போர்ட்ஸ் காரில் கண்டென்ஸர் ஏற்கெனவே இடத்துக்குத் திண்டாடுகிற பாகம். எனவே பழைய குழாய்-தகடு கண்டென்ஸரை எடுத்துவிட்டு, அதே நீள அகலத்தில், வாயு பல மெல்லிய தடங்களில் ஒரே நேரத்தில் ஓடும் இணையோட்ட வகைக் கண்டென்ஸர் ஒன்றைப் பொருத்துவது கௌரவக் குறைச்சல் ஆகாது. அசல் தோற்றம் கெடுகிறது என்பவர்கள் அந்தக் கார் நெரிசலில் நிற்கும்போது உள்ளே உட்கார்ந்து பார்க்கலாம்.

இவற்றில் எண்ணெய், ஓ-ரிங், வாயு ஆகிய மூன்றும் எந்தக் கார் என்று கேட்காமலே விற்கப்படும் சரக்குகள். டிரையரும் கண்டென்ஸரும் அளவு தெரிந்தால் கிடைப்பவை. பிறகு ஏன் உரிமையாளர்கள் மாதக்கணக்கில் அலைகிறார்கள்? கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி தவறாக இருப்பதால்தான். எந்தக் கம்பெனி, எந்த மாடல், எந்த ஆண்டு என்று கேட்பார்கள். சொன்னவுடன் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, தயாரிப்பு நின்றுவிட்டது என்று பதில் வரும். அந்தப் பதில் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. கார் கம்பெனி அந்தப் பாகத்துக்குக் கொடுத்த எண் வழக்கொழிந்துவிட்டது என்பதே அதற்குப் பொருள். அந்தப் பாகத்தைப் பெரும்பாலும் கார் கம்பெனி செய்ததே இல்லை.

ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ் காரை எடுத்துக்கொள்வோம். 1975 முதல் 1996 வரை தயாரான கார். அதன் வி12 எஞ்சினின் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, முன்பக்கம், மேலே உட்கார்ந்திருந்த கம்ப்ரஸர் நெடுங்காலம் பிரிட்டிஷ் சரக்காக இருக்கவில்லை. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்து, தன் காடிலாக், செவர்லே கார்களில் லட்சக்கணக்கில் பூட்டிய ஏ6 என்ற ஆறு சிலிண்டர் கம்ப்ரஸர்தான் அது. ஜாகுவார் என்று கேட்டால் அரிய பொருளாகிவிடுவது, ஏ6 என்று கேட்டால் சாதாரணப் பொருளாகிவிடுகிறது. ஆனால் அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. சில ஏ6 கம்ப்ரஸர்களின் பின்தலையில் அதிவெப்பத்தை உணரும் ஸ்விட்ச் ஒன்று இருக்கும், சிலவற்றில் இருக்காது. புல்லியின் விட்டமும் பெல்ட் ஓடும் பள்ளத்தின் தூரமும் காருக்குக் கார் மாறும். உடல் ஒன்றுதான், உடுப்பு வேறு.

இன்னொரு குடும்பம் சாண்டன். பல ஐரோப்பிய, ஜப்பானிய கார்களில் காணப்படும் எஸ்டி-508 என்ற ஐந்து சிலிண்டர் கம்ப்ரஸர், ஒரு சுற்றுக்கு 138 கன சென்டிமீட்டர் தள்ளக்கூடியது. அதே அளவில், புதிய வாயுவுக்கு ஏற்ற ஷாஃப்ட் சீலோடு வந்த தம்பியின் பெயர் எஸ்டி-5ஹெச்14. டிராக்டரிலும் லாரியிலும் மண்வெட்டும் இயந்திரத்திலும் அதுவே ஓடுகிறது. வயல் புழுதியில் உழைக்கும் இயந்திரமும் படாடோபமான ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே கம்ப்ரஸரால் குளிர்கின்றன என்பது எனக்கு இன்றும் புன்னகை வரவழைக்கும் செய்தி. பின்தலையில் ஹோஸ் இணையும் வாய்கள் மேலே பார்க்கின்றனவா பின்னே பார்க்கின்றனவா, பூட்டும் காதுகளுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர், புல்லியில் வி-பெல்ட்டா பல பள்ளப் பெல்ட்டா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால், காரின் பெயரை உச்சரிக்காமலே வாங்கிவிடலாம்.

சாண்டனுக்கும் பழைய யார்க் வகைக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். யார்க் என்பது இரண்டு சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்கும், சற்றே முரட்டுத்தனமாக அதிரும் கம்ப்ரஸர். தன் எண்ணெயைத் தன் அடித்தொட்டியிலேயே வைத்துக்கொள்ளும் குணத்தால், கரடுமுரடான பாதையில் வண்டி ஓட்டும் ஆர்வலர்கள் டயருக்குக் காற்றடிக்க அதைத் தேடி வாங்கிப்போய்விடுகிறார்கள். நம் ஏ.சி.க்கு அது அகப்படாமல் போவதற்கு அவர்களும் ஒரு காரணம். யார்க்கை எடுத்துவிட்டுச் சாண்டன் போன்ற சுழல்தட்டு வகையைப் பூட்ட நினைப்பவர்கள், கம்ப்ரஸரைவிட அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கும்.

தேடலை மேலும் சிக்கலாக்குவது, பாகம் செய்த கம்பெனிகளும் பெயர் மாற்றிக்கொண்டதுதான். தகட்டில் சாங்க்யோ என்று பொறித்திருந்தால் அது பின்னாளில் சாண்டன் ஆன நிறுவனம். நிப்பான்டென்சோ 1996இல் டென்சோ ஆயிற்று. ஜெனரல் மோட்டார்ஸின் ஹாரிசன் பிரிவு டெல்ஃபைக்குள் போயிற்று. ரேடியேட்டரும், காருக்குள் வரும் காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டரும் செய்த ஜெர்மானிய பேர் நிறுவனம் மாலே குழுமத்தோடு இணைந்தது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய தகட்டில் உள்ள பெயரை அப்படியே இன்றைய விற்பனையாளரிடம் சொன்னால் அவர் விழிப்பதில் வியப்பில்லை. கம்ப்ரஸரின் வயிற்றில் ஒட்டியிருக்கும் அந்தச் சிறிய அலுமினியத் தகடுதான் அதன் பிறப்புச் சான்றிதழ். பெயின்ட் அடிக்கும் ஆர்வத்தில் அதைச் சுரண்டி எடுத்துவிடும் பட்டறைகள் மீது எனக்கு ஆறாத கோபம் உண்டு.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். என் காரின் உறிஞ்சு ஹோஸும் வெளியேற்று ஹோஸும் வெடித்துப்போயிருந்தன. கார் மாடலைச் சொல்லி, அதற்கே உரியது என்ற உறுதிமொழியோடு, ஒரு விற்பனையாளரிடம் ஹோஸ்களைத் தருவித்தேன். வெளியேற்று ஹோஸின் நட்டு கம்ப்ரஸரின் வாயில் வழுக்கிக்கொண்டு ஏறியது. மரை கச்சிதமாகப் பொருந்தியது. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வேக்குவம் எடுத்தபோது அழுத்தமானியின் முள் நிற்கவில்லை, அதாவது எங்கோ கசிவு. நட்டை இறுக்கினோம், மறுபடி இறுக்கினோம், ஓ-ரிங்கை மாற்றினோம், கடைசியில் கம்ப்ரஸர் மீதே சந்தேகப்பட்டோம். விஷயம் மிக எளியது. எண் 8 அளவு ஹோஸ் இணைப்பில், முக்கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 16 மரையும் கொண்ட நட்டு இரண்டு விதத்தில் உண்டு. ஒன்று, 45 டிகிரி சாய்வில் உலோகத்தோடு உலோகம் பொருந்தி அடைக்கும் ஃப்ளேர் வகை. மற்றது, ஓ-ரிங் அடைக்கும் வகை. எண் 6, எண் 10 அளவுகளிலும் இதே இரட்டை வேடம்தான். மரை ஒன்றே, அடைக்கும் முகம் வேறு. என் கம்ப்ரஸரின் வாய் ஃப்ளேர். வந்த ஹோஸ் ஓ-ரிங். விற்பனையாளரின் அட்டவணையில் கார் மாடல் இருந்தது, நீளம்கூட இருந்தது. முகம் எந்த வகை என்ற ஒரு சொல் இல்லை. அந்த ஒரு சொல் இல்லாததால் ஆறு வாரங்கள் போயின. இருமுறை நிரப்பிய வாயுவும் காற்றோடு போனது. ஓசோனுக்காக வாயுவை மாற்றிய உலகத்தில், மாற்று வாயுவும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுதான் என்பதையும், ஆர்-134ஏ ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில், ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்பதையும் எண்ணிப் பார்த்தால், இது என் ஆறு வார எரிச்சலோடு முடிகிற கதையும் அன்று.

அதே விற்பனையாளரிடம் வாங்கிய டிரையர் இன்னொரு பாடம். பெட்டி அசல், முத்திரை அசல், பாகமும் அசல். ஆனால் இரண்டு வாய்களையும் அடைத்திருந்த மூடிகளில் ஒன்று கழன்று பெட்டிக்குள் உருண்டுகொண்டிருந்தது. டிரையரின் வேலையே ஈரத்தை உறிஞ்சுவது. மூடி இல்லாமல் அலமாரியில் பல ஆண்டுகள் இருந்த டிரையர், கடையில் இருந்த காற்றின் ஈரத்தை உறிஞ்சி வயிறு நிறைந்திருக்கும். பயன்படுத்தாத பழைய அசல் சரக்கு என்று பெருமையாக விற்கப்படுவனவற்றில் உலோகப் பாகங்களை நம்பலாம். டிரையர், ரப்பர் ஹோஸ், ஷாஃப்ட் சீல் ஆகியவற்றை நம்பக் கூடாது. ஓடாமல் கிடந்த கம்ப்ரஸரின் சீல் எண்ணெய் படாமல் காய்ந்து, பூட்டிய சில நாள்களிலேயே கசியத் தொடங்குவதும் இதனால்தான்.

ஹோஸைப் பற்றி இன்னும் கொஞ்சம். எஞ்சின் பின்னால் இருக்கும் போர்ஷே 911 போன்ற கார்களில் இது உயிர்நாடியான விஷயம். 1970களின் நடுப்பகுதி முதல் 1980களின் இறுதி வரை வந்த 911 கார்களில் கம்ப்ரஸர் பின்னே எஞ்சினோடு இருக்கிறது. ஒரு கண்டென்ஸர் எஞ்சின் மூடியில் இருக்கிறது. இன்னொன்று காரின் மூக்கில். எவாப்பரேட்டரும் டிரையரும் முன்னே. வாயு காரின் நீளம் முழுக்கப் போய்த் திரும்ப வேண்டும். அந்தக் காலத்து ஹோஸ் வெறும் ரப்பர். உள்ளே நைலான் தடுப்புப் படலம் கிடையாது. ஆர்-134ஏ மூலக்கூறு ரப்பரின் ஊடே மெல்லக் கசிந்து வெளியேறிவிடும். எந்த இணைப்பிலும் கசிவு தெரியாது. ஆனாலும் அடுத்த கோடைக்குள் ஏ.சி. வெறும் காற்றடிக்கும். தடுப்புப் படலம் உள்ள ஹோஸைப் போட்டால்தான் தீரும். அதைக் கார் கம்பெனியிடம் தேட வேண்டிய அவசியமே இல்லை. ஹோஸ் அழுத்தித் தரும் பட்டறை எதுவும் எண் 6, 8, 10, 12 என்ற நான்கு அளவுகளில் சுருள் சுருளாக வைத்திருக்கும். அசலில் அரியவை, ஹோஸின் இரு நுனிகளில் இருக்கும் வளைந்த உலோக முனைகள்தான். எஞ்சினின் இண்டு இடுக்குக்கு ஏற்ப வளைக்கப்பட்டவை அவை. முனைகளை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்து, புதிய அழுத்துவளையத்தை வெல்டு செய்து, புதிய ஹோஸை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. எனவே, பழைய ஹோஸைக் குப்பையில் எறியாதீர்கள். மெக்கானிக் எறிந்துவிட்டால் குப்பைத்தொட்டியிலிருந்தாவது எடுத்துவிடுங்கள். என் காரின் ஹோஸ் பிரச்சினை கடைசியில் தீர்ந்ததும் இந்த வழியில்தான். நல்ல வேளையாகப் பழையவை கார் ஷெட்டின் மூலையில் கிடந்தன.

பாகமே தேவைப்படாத இடங்களும் உண்டு. கம்ப்ரஸர் போய்விட்டது என்ற தீர்ப்பில் பாதிக்கு மேல் அவசரத் தீர்ப்பு என்பது என் கணிப்பு. எஞ்சின் சூடாகும் வரை ஏ.சி. ஓடி, பிறகு நின்றுவிடுகிறதா? கம்ப்ரஸரைப் புல்லியோடு இணைக்கும் காந்தக் கிளட்ச் தேய்ந்து இடைவெளி அகன்றிருக்கலாம். சாண்டன் வகையில் அந்த இடைவெளி 0.4 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால், சூட்டில் வலுவிழந்த காந்தச் சுருளால் தட்டை இழுக்க முடிவதில்லை. உள்ளே இருக்கும் மெல்லிய ஷிம் வளையம் ஒன்றை எடுத்துவிட்டால் இடைவெளி குறைந்துவிடும். எஞ்சின் ஓடும்போதெல்லாம் கரகரவென்ற சத்தம், ஏ.சி. போட்டால் சத்தம் குறைகிறது என்றால், பெரும்பாலும் அது புல்லிக்குள் இருக்கும் பேரிங். அந்தப் பேரிங்கின் விளிம்பிலேயே அதன் எண் இருக்கும், 35 மி.மீ. உள்விட்டம், 55 மி.மீ. வெளிவிட்டம், 20 மி.மீ. தடிமன் என்பது போன்ற, ஏராளமான கார்களுக்குப் பொதுவான அளவுகள் அவை. பேரிங் கடையில் காரின் பெயரே தேவையில்லை. காந்தச் சுருளை மீட்டரால் அளந்தால் மூன்று, நான்கு ஓம் காட்ட வேண்டும். எதுவும் காட்டவில்லை என்றால் சுருள்தான் அறுந்திருக்கிறது, கம்ப்ரஸர் அன்று. கணினியில் தயாரிப்பு நின்றுவிட்டது என்று வரும் முழுக் கம்ப்ரஸரைத் தேடி நாடு நாடாக அலைவதற்கு முன்னால், கைக்கெட்டும் இந்தச் சிறிய பாகங்களைப் பார்ப்பதில் நட்டமில்லை.

உண்மையிலேயே கடினமானவை என்று நான் ஒப்புக்கொள்வது இரண்டை. ஒன்று எவாப்பரேட்டர், பட்டறை மொழியில் கூலிங் காயில். டேஷ்போர்டுக்குப் பின்னால், அந்த ஒரு காரின் பெட்டிக்காகவே வடிவமைக்கப்பட்டது. கழற்றவே நாள்கள் பிடிக்கும். சிறிய ஓட்டையானால் வெல்டு செய்யலாம். அரித்துப்போயிருந்தால், உள்ளிருக்கும் கருவின் நீள அகலத் தடிமனை அளந்து, அதற்கு நெருங்கிய இன்னொன்றைப் பெட்டியில் பொருத்தி, குழாய்களை வளைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதைக் கழற்றும்போதே, அதற்குள் வாயுவை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றிவிட வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மற்றொன்று ஏ.சி.யின் எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி. 1990களின் தொடக்கத்தில் வந்த சில ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களில் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் கசிந்து, பலகையின் செம்புத் தடங்களை அரித்துவிடுகின்றன. புதிய பெட்டி கிடைக்காது. ஆனால் கெப்பாசிட்டர்கள் கிடைக்கும். கை நடுங்காமல் ஈயப்பற்று வைக்கத் தெரிந்தவர் இருந்தால் பெட்டி பிழைத்துக்கொள்ளும். இங்கே நமக்கு வேண்டியவர் கார் மெக்கானிக் அல்லர், டி.வி. ரிப்பேர் செய்தவர்.

பாகம் தேடி அலுத்தவர்கள் கடைசியில் சரணடையும் இரண்டு குறுக்குவழிகளை இங்கே எச்சரித்தே ஆக வேண்டும். ஒன்று, கசிவை அடைக்கும் திரவம். அது எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையையும் சேர்த்து அடைக்கக்கூடியது; வாயுவை உறிஞ்சும் பட்டறை இயந்திரத்தையும் கெடுத்துவிடும் என்பதால், அந்தத் திரவம் போட்ட காரைத் தொடவே மறுக்கும் மெக்கானிக்குகள் உண்டு. இன்னொன்று, எந்த மாற்றமும் இல்லாமல் பழைய ஏ.சி.யில் அப்படியே நிரப்பலாம் என்று விற்கப்படும் கலவை வாயுக்கள். அவற்றில் பல எரியும் தன்மை கொண்ட ஹைட்ரோகார்பன்கள். எவாப்பரேட்டர் கசிந்தால் அந்த வாயு சேர்வது நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில். போலி வாயுவின் ஆபத்து கற்பனையன்று. 2011இல் கப்பல் குளிர்கொள்கலன்களில் ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலி வாயு நிரப்பப்பட்டு, அது கம்ப்ரஸரின் அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டவுடன் தானே தீப்பிடிக்கும் சேர்மம் உண்டாகி, வியட்நாமிலும் பிரேசிலிலும் கொள்கலன்கள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நம் காரிலும் கம்ப்ரஸர் அலுமினியம்தான். வாயு வாங்கும்போது சிலிண்டரில் உள்ள பெயரை மட்டும் பார்க்காமல், அடையாளம் காட்டும் கருவி உள்ள பட்டறையில் சோதித்துவிட்டு நிரப்பச் சொல்வது மிகையான பயம் ஆகாது.

இவ்வளவையும் எழுதக் காரணம், தங்கள் நாளிதழின் வழியாக மூன்று தரப்பினரிடம் சில வேண்டுகோள்களை வைக்கலாம் என்பதே. பாகம் விற்பவர்கள், கார் மாடலை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், இணைப்பு முகம் ஃப்ளேரா ஓ-ரிங்கா, மரை அளவு என்ன, பூட்டும் காதுகளின் இடைவெளி எவ்வளவு, பாகத்தைச் செய்தவரின் எண் எது என்பனவற்றை அட்டவணையில் சேர்க்க வேண்டும். ஒரு முறை ஸ்கேலும் காலிப்பரும் எடுத்து அளந்து எழுதும் வேலைதான். திருப்பி அனுப்பப்படும் சரக்கின் தொல்லை அவர்களுக்குமே குறையும். கார் தயாரிப்பாளர்கள், ஒரு பாகத்தின் தயாரிப்பை நிறுத்துகிற அன்று, அதை யாரிடமிருந்து எந்த எண்ணில் வாங்கினோம் என்பதை வெளியிட்டுவிட வேண்டும். விற்கவே போவதில்லை என்று முடிவான பொருளுக்கு ரகசியம் எதற்கு? மெக்கானிக்குகளோ, கழற்றிய பழைய பாகத்தை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், உரிமையாளர் கையில் கொடுத்துவிட வேண்டும். வெடித்த ஹோஸும் இறுகிப்போன கம்ப்ரஸரும் அவர்கள் கண்ணுக்குக் குப்பையாகத் தெரியலாம். அடுத்ததைத் தேடுகிறவனுக்கு அளவு சொல்லும் ஒரே சாட்சி அவைதான்.

தங்கள் கட்டுரையாளரிடமும் ஒரு வேண்டுகோள். ஏ.சி.யைக் கழற்றி வைத்துவிடுங்கள் என்று வாசகர்களுக்குச் சொல்வதானால், கழற்றிய குழாய் வாய்களையும் கம்ப்ரஸரின் வாய்களையும் உடனே மூடிபோட்டு அடைத்து, தகட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு பத்திரப்படுத்துங்கள் என்ற ஒரு வரியையாவது சேர்த்துச் சொல்லுங்கள். திறந்த வாயோடு ஷெட்டில் கிடந்த கம்ப்ரஸரை அடுத்த உரிமையாளர் வாங்கி, உள்ளே துருவைக் கண்டு தலையில் கைவைத்து உட்கார்ந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவருக்கு அந்தக் கம்ப்ரஸரின் தகடாவது மிச்சமிருந்தது. அதிலிருந்த எண்ணை வைத்துத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்